கழிவைச் சுத்தம் செய்யக் கோடிகள்... கழிவே வராமலிருக்க?

2015 ஜனவரி 31. பொழுது விடிய இன்னும் பல மணி நேரம் இருந்தது. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உள்ளே தேங்கிக் கிடந்த சேறு பக்கத்திலிருந்த தோல் பதனிடும் டேனரிக்குள் பாய்ந்தது. வேலை முடிந்து அங்கேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பத்துப் பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இடிந்தது, பல டேனரிகளின் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்வதற்காகவே கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டி. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் காப்பாற்ற வேண்டும் என்று நீதிமன்றமும் அரசும் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த அழுக்கு எங்கேயும் போய்விடுவதில்லை. சேறாகக் குவியும், உப்பாக மூட்டை கட்டப்படும். குவித்து வைக்க இடமும் உறுதியான சுவரும் வேண்டும். அன்று சுவர் உறுதியாக இல்லை.

அமெரிக்க வேதியியலாளர்கள் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998-இல் எழுதிய புத்தகத்தில் பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு கோட்பாடுகளை வகுத்தார்கள். முதல் கோட்பாடே இதுதான்: கழிவு உண்டான பிறகு சுத்தம் செய்வதைவிட, அது உண்டாகாமலே பார்த்துக்கொள்வது மேல். மற்ற பதினொன்றும் ஏறக்குறைய இதற்கான வழிமுறைகள்தான். நம் ஊரில் இது தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் அரசுப் பணம் போகும் பாதையைப் பார்த்தால், தெரிந்த மாதிரி இல்லை.

டிரம்முக்குள் என்ன நடக்கிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் சுழலும் பெரிய மர டிரம்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால்தான் மற்ற விஷயமெல்லாம் புரியும்.

உரித்த தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் நாற்பது சதவிகிதம் அளவுக்கு உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். அடுத்து, மயிர் உதிரச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். டேனரிப் பக்கம் போனாலே மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை நாற்றம் இந்த சல்ஃபைடின் கைங்கரியம். பிறகு சுண்ணாம்பை நீக்க வேண்டும். அது முடிந்தால் 'பிக்கிள்'. கந்தக அமிலம் விட்டுத் தோலின் பி.எச். அளவை மூன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். வெறும் அமிலத்தை விட்டால் தோல் ஊதிக் கெட்டுவிடும். அதைத் தடுக்க மறுபடியும் எட்டு முதல் பத்து சதவிகிதம் உப்பு. இதற்குப் பிறகுதான் பேசிக் குரோமியம் சல்ஃபேட். அது தோலுக்குள் நன்றாக ஊறியதும் சோடியம் பைகார்பனேட் போட்டு பி.எச். அளவை நான்கு வரை ஏற்றுவார்கள். அப்போதுதான் குரோமியம் தோலின் கொலாஜன் இழையைப் பிடித்துக்கொள்ளும். தோல் நீலமாகும். 'வெட் ப்ளூ' என்பது இதைத்தான்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். முதலில் அமிலம் விடுகிறார்கள். பிறகு அந்த அமிலத்தைக் கொல்ல சோடா உப்புப் போடுகிறார்கள். நடுவில் அமிலம் தோலைக் கெடுக்காமலிருக்கக் காவலுக்குச் சாப்பாட்டு உப்பு. மூன்றுமே தோலில் தங்குவதில்லை, சாக்கடைக்குத்தான் போகின்றன. குரோமியத்திலும் வழக்கமான முறையில் நூற்றுக்கு அறுபது, எழுபது பங்குதான் தோலில் ஏறும். மிச்சம் தண்ணீரோடு போகும்.

குரோமியத்தையாவது வீழ்படிவாக்கித் திரும்ப எடுக்கலாம். பல டேனரிகள் எடுக்கின்றன. சிக்கல் உப்பில்தான். சுத்திகரிப்புத் தொட்டியில் எத்தனை கோடி பாக்டீரியாவை வளர்த்தாலும் அவற்றால் உப்பைத் தின்ன முடியாது. ஆர்.ஓ. வைத்து வடிகட்டினால் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறு பக்கம் கெட்டியான உப்புநீர். அந்த உப்புநீரைக் கொதிகலன் வைத்துக் காய்ச்சினால் கடைசியில் கலப்பு உப்பு. அதில் இன்னதுதான் இருக்கிறது என்று சொல்ல முடியாததால் விலைக்கு வாங்க ஆளில்லை. ஷெட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிறார்கள். 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்று காகிதத்தில் எழுதுவதற்குப் பின்னால் இந்த மூட்டைகள் இருக்கின்றன.

குரோமை அழைத்து வந்தது யார்?

தமிழ்நாட்டுத் தோலுக்கு ஒரு காலத்தில் குரோமியமே தேவைப்படவில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட 'ஈஸ்ட் இந்தியா லெதர்' திண்டுக்கல்லிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கப்பலேறியது. இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல் அது. குரோமியமோ ஓரிரு நாளில் காரியத்தை முடித்துக் கொடுத்துவிடும்.

1970-களின் தொடக்கத்தில் சீதாராமய்யா குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு கொள்கையை மாற்றியது. பச்சைத் தோலை ஏற்றுமதி செய்யாதே, அரைகுறையாகப் பதனிட்டதைக் குறை, முடித்த தோலும் செருப்பும் பையுமாக அனுப்பு என்றது. வேலைவாய்ப்புக்கும் அந்நியச் செலாவணிக்கும் அது நல்ல முடிவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மென்மையான, நிறம் ஏற்றக்கூடிய, சீக்கிரம் முடிகிற தோல் வேண்டுமென்றால் குரோமியம்தான் வழி. அரசின் சலுகையைப் பிடித்துக்கொண்டுதான் குரோமியம் பாலாற்றங்கரையில் வேரூன்றியது. டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்த ராணிப்பேட்டைத் தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன ஆறிணைதிறன் குரோமியக் கழிவு, புற்றுநோய் உண்டாக்கும் வகை, லட்சக்கணக்கான டன் அங்கே மலைபோலக் கிடந்தது.

நிலமும் கிணறும் கெட்டு, 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானது என்ற தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு டேனரியும் சுத்திகரிப்பு நிலையம் வைக்க வேண்டும், அல்லது பொது நிலையத்தில் சேர வேண்டும். இல்லாவிட்டால் மூடு என்றது நீதிமன்றம். அந்த நேரத்தில் அது தவிர வேறு வழியும் இல்லை.

அன்றிலிருந்து 'சுற்றுச்சூழல்' என்றாலே தோல் தொழிலில் சுத்திகரிப்பு நிலையம் என்று பொருளாகிவிட்டது. அரசு மானியமும் அந்த வழியிலேயே நடக்கப் பழகிக்கொண்டது. 2021 முதல் 2026 மார்ச் வரைக்கான மத்திய அரசின் காலணி, தோல் மேம்பாட்டுத் திட்டத்துக்கு 1,700 கோடி ரூபாய். அதில் நீடித்த தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் என்று பெயர் சூட்டிய பிரிவுக்கு 500 கோடி. அந்தப் பிரிவு தருவது என்ன? பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் செலவில் 70 சதவிகிதம், வடகிழக்கு மாநிலங்களில் 80 சதவிகிதம். பெயரில் தொழில்நுட்பம் இருந்தாலும் பணம் சாக்கடை வாயில்தான் நிற்கிறது, டிரம்முக்குள் எட்டிப்பார்க்கவில்லை.

அடையாறில் ஒரு விடை

டிரம்முக்குள் எட்டிப்பார்த்தவர்கள் இல்லாமலில்லை. சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், எல்லோருக்கும் தெரிந்த பெயரில் சி.எல்.ஆர்.ஐ., முழுக்க அரசுப் பணத்தில் வளர்ந்தது. 1985-இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் மறைந்த நாயுடம்மா இதன் இயக்குநராக இருந்தபோதுதான் உலகத் தோல் ஆய்வு வரைபடத்தில் அடையாறு ஏறியது. பின்னால் இயக்குநரான டி.ராமசாமி குரோமிய வேதியியலில் ஊறியவர். பிறகு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் செயலராகவும் போனார்.

இந்த நிறுவனத்தின் அமைப்பே கொஞ்சம் வித்தியாசமானது. வளாகத்துக்குள்ளேயே ஒரு டேனரி. அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் எடுக்கும் மாணவர்கள் படிப்பதும் இந்த வளாகத்தில்தான். காலையில் வகுப்பில் கேட்ட வினையை மதியம் டிரம்மில் போட்டுப் பார்க்கலாம். கல்வி, ஆய்வு, தொழில் மூன்றும் ஒரே காம்பவுண்டு சுவருக்குள் இருப்பது இந்தியாவில் அபூர்வம்.

இங்கிருந்து வந்ததுதான் 'தண்ணீரில்லாக் குரோம் பதனிடல்'. முன்னே சொன்ன அந்த வேடிக்கை, அமிலமும் அதைக் கொல்ல சோடாவும் காவலுக்கு உப்பும், இதில் கிடையாது. பிக்கிள் இல்லை; கடைசியில் பி.எச். ஏற்றும் வேலையும் இல்லை. குரோமியம் ஏற்றும் கட்டத்தில் தண்ணீரே ஊற்றுவதில்லை. கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு 20 சதவிகிதம் குறையும், குரோமியம் 15 முதல் 20 சதவிகிதம் மிச்சமாகும் என்று 2016 வாக்கில் அரசு அறிவித்தது. நாடெங்கும் சுமார் ஐம்பது டேனரிகள் பெயர் கொடுத்திருப்பதாகவும், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா, நெதர்லாந்து, நியூசிலாந்து, வியட்நாம் நாடுகள் ஆர்வம் காட்டுவதாகவும் அப்போது செய்தி. மயிர் உதிர்க்க சல்ஃபைடுக்குப் பதில் என்சைம் போடும் முறைகளிலும் இதே நிறுவனம் பல ஆண்டுகளாக உழைத்திருக்கிறது.

ஆனாலும் பிக்கிள் இன்னும் நம் டேனரிகளிலிருந்து விடைபெறவில்லை. ஏன்?

டேனரி முதலாளி பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு டிரம்மில் டன் கணக்கில் தோல். அதன் மதிப்பு பல லட்சம். வெளிநாட்டு பையர் ஏற்கெனவே சாம்பிள் பார்த்து ஓ.கே. சொன்ன நிறம், சொன்ன மென்மை. முறையை மாற்றி, நிறம் ஒரு மாற்றுக் குறைந்தாலும் லாட் முழுவதும் திரும்பி வரும். அதில் ஆதாயம் வந்தால் ஆற்றுக்கு. நஷ்டம் வந்தால் அவருக்கு. ஜாப் ஒர்க் செய்கிறவர் என்றால் தோல்கூட அவருடையதில்லை. இன்னொன்று, பொது நிலையத்தில் கட்டணம் லிட்டர் கணக்கில் இருக்கும் வரை, உப்பைக் குறைத்தவருக்கும் கொட்டியவருக்கும் ஒரே பில்தான் வரும். உப்பைக் குறைக்க அவருக்கென்ன அவசியம்?

ஆய்வகத்திலிருந்து டிரம்முக்குள்ள தூரத்தைக் கடக்க யார் செலவு செய்வது என்பதுதான் கேள்வி. ஆய்வுக்கு அரசு கொடுத்துவிட்டது. சுத்திகரிப்புக்கும் கொடுக்கிறது. இடைப்பட்ட அந்த முதல் பத்து லாட்டுக்கு யாரும் பொறுப்பில்லை.

அமெரிக்கா போன வழி

பசுமை வேதியியலை அரசு ஆதரிப்பது என்றால் எல்லோரும் அமெரிக்காவைக் காட்டுவார்கள். காட்டட்டும், ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 1990-இல் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. மாசை உற்பத்தியாகும் இடத்திலேயே குறை என்று சொன்ன சட்டம். அடுத்த ஆண்டே அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை, மாற்று வினைவழிகளைத் தேடும் ஆய்வுகளுக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. 1995-இல் கிளின்டன் அறிவித்து, 1996 முதல் குடியரசுத் தலைவர் பெயரில் விருது. இதில் பணமுடிப்பு கிடையாது. ஆனால் 1997-இல் விருது பெற்ற ஒன்று நம் வீட்டு மருந்துப் பெட்டி வரை வந்திருக்கிறது: ஐபுபுரூஃபன். மூட்டுவலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் அந்த மாத்திரையை ஆறு படிகளில் தயாரித்துவந்தார்கள். உள்ளே போட்ட அணுக்களில் பாதிக்கு மேல் மருந்தில் சேராமல் கழிவாகின. புதிய வழியில் மூன்றே படி, முக்கால் பங்குக்கு மேல் மருந்தாகிறது.

சரி, இந்த ஆய்வுகளையும் கல்வியையும் ஒருங்கிணைக்க ஒரு தனிச் சட்டம்? 2004-இல் கீழவை நிறைவேற்றியது, மேலவையில் நின்றுபோனது. அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப முயன்றார்கள். கடைசியில் 2021 ஜனவரியில்தான் கைகூடியது. அதுவும் சொந்தக் காலில் நின்று அல்ல. ராணுவச் செலவுக்கான சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு. அந்த ராணுவ மசோதாவை ட்ரம்ப் நிராகரிக்க, காங்கிரஸ் அவர் வீட்டோவைத் தள்ளி நிறைவேற்றியபோது வேதியியலும் சேர்ந்து கரையேறியது. பணக்கார நாட்டிலேயே இந்தப் பாடு.

கெடுபிடியான விதிக்கு இருக்கும் பலம் வேறு. தோல் பொருளில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. அதற்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே போகாது. ஆம்பூரில் எந்தக் கருத்தரங்கும் செய்யாத வேலையை அந்த ஒற்றை எண் செய்தது. ஆனால் அந்த எண் காப்பாற்றியது ஐரோப்பியரின் காலை. நம் கிணற்று உப்பைப் பற்றி பெர்லினில் இருப்பவருக்கு என்ன கவலை? அதற்கான விதியை நாம்தான் போட்டாக வேண்டும்.

அசிட்டனிலைடும் சயனைடும்

கல்வியைப் பற்றிப் பேசாமல் இது முடியாது. பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்கள் எல்லோரும் அசிட்டனிலைடு தயாரித்திருப்பார்கள். அனிலினோடு அசிட்டிக் அன்ஹைட்ரைடைச் சேர்த்து, பனிக்கட்டித் தண்ணீரில் கொட்டினால் வெள்ளை வெளேரென்று படிகம் விழும். அன்ஹைட்ரைடின் பாதி மூலக்கூறு கழிவாகப் போகும். மாணவர் நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. சதவிகித விளைச்சல் மட்டும் கணக்குப் போடுவோம். தவிர, அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஹெராயின் காய்ச்சப் பயன்படுவதால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட சரக்கு.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பசுமை வேதியியலுக்கென ஒரு பணிக்குழு அமைத்து, கல்லூரி ஆய்வகங்களுக்கான சோதனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அன்ஹைட்ரைடுக்குப் பதில் அசிட்டிக் அமிலமும் கொஞ்சம் துத்தநாகத் தூளும் போட்டாலே அசிட்டனிலைடு வரும் என்கிறது அது. புரோமின் ஏற்ற, கண்ணை எரிக்கும் திரவ புரோமின் வேண்டாம். பொட்டாசியம் புரோமைடும் சீரியம் உப்பு ஒன்றும் போதும். பென்சாயின் தயாரிக்க நாம் பயந்து பயந்து எடுத்த சயனைடுக்குப் பதில் தயமின், அதாவது வைட்டமின் பி1. மருந்துக்கடையில் கிடைக்கிற சரக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் மாதிரிப் பாடத்திட்டத்திலும் பசுமை வேதியியல் விருப்பப் பாடமாக வந்துவிட்டது.

இந்த 'விருப்ப' என்ற சொல்லில்தான் எனக்கு வருத்தம். கழிவில்லாமல் ஒரு வினையை வடிவமைப்பது விருப்பமிருந்தால் படிக்கும் சங்கதியா? கழிவோடு செய்வது கட்டாயப் பாடம், கழிவில்லாமல் செய்வது விருப்பப் பாடம் என்றால் மாணவர் எதை வேதியியல் என்று நினைப்பார்? செய்முறைத் தேர்வில் விளைச்சலுக்கு மதிப்பெண் போடுவதுபோல், கழுவுதொட்டியில் என்ன போனது என்று எழுதியதற்கும் ஐந்து மதிப்பெண் வைத்தால் போதும், கோடிகள் தேவையில்லை. அந்த மாணவர்களில் சிலர் நாளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளராக உட்காருவார்கள். சிலர் டேனரியில் டெக்னீஷியனாவார்கள். டிரம்மில் என்ன போடலாம் என்று தீர்மானிக்கும் கைகள் அவை.

கோடிகள் தேவைப்படும் இடமும் இருக்கிறது. ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவிகிதம்தான். 2023-இல் சட்டம் போட்டு உருவாக்கிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி தொழில்துறை முதலான அரசு சாராத இடங்களிலிருந்து வர வேண்டும். உப்பில்லாத டிரம்முக்கு எந்தத் தொழிலதிபர் ஆய்வு நிதி எழுதிக் கொடுப்பார்? லாபம் யாருடைய கணக்கிலும் தனியாக விழாத ஆய்வு இது. இப்படிப்பட்டதற்குத்தான் அரசு வேண்டும்.

2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், பாலாறு வழக்கில் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. 2001-லும் 2009-லும் நிர்ணயித்த இழப்பீட்டைப் பெறாத குடும்பங்களுக்கு முதலில் மாநில அரசே கொடுக்க வேண்டும். பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. ஆற்றைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட்டது. அந்தக் குழு ஆற்றுநீரை மட்டும் சோதித்தால் பழைய கதைதான். ஒவ்வொரு டேனரியும் ஒரு டன் தோலுக்கு எத்தனை கிலோ உப்பு வாங்கியது என்று கேட்கலாம். கொள்முதல் பில் இருக்கும். பொது நிலையக் கட்டணத்தை லிட்டரிலிருந்து உப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்லலாம். அடுத்த தோல் திட்டத்தில் சுத்திகரிப்புக்கு ஒதுக்கும் ஐந்நூறு கோடியிலிருந்து ஐம்பது கோடியைப் பிரித்து, அடையாறு முறையில் போடும் முதல் பத்து லாட் கெட்டுப்போனால் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீடாக வைக்கலாம். பயிர் பொய்த்தால் விவசாயிக்குக் காப்பீடு இருக்கிறது. புது முறையில் தோல் போட்டுப் பார்க்கிறவருக்கு இதுவரை எதுவும் இல்லை.